காணாமல் போன ஐந்து கோடுகள்

பூவிருந்தவல்லி, நவம்பர் 1937

பெற்ற நைனாவை என் தலையில் கட்டிவிட்டு வேலூரில் சுகமாக இருக்கும் அக்காவுக்கு,

அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து கண்ணாடியும் வந்துவிட்டது. முதல் நாளே நைனா தேவாலயத்து ஆர்மோனியத்தில், ஐந்து கோட்டில் சுரம் எழுதிய பாட்டுத் தாளை விரித்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடி இது, அஞ்சு கோட்டையும் அழிச்சிட்டே? குச்சிங்க மட்டும் நின்னுகினு கீது."

போன மாதம் ஆர்மோனியப் பெட்டியில் தவளை வைத்தவள் நான்தான். இது நானில்லை. கோபத்தில் தாளைப் பக்கவாட்டில் திருப்பினேன். இப்போது நைனாவுக்குக் கோடுகள் தெரிந்தன, சுரங்களின் குச்சிகள் மறைந்தன. நைனா மூடியைச் சாத்திவிட்டார்.

"கிறிஸ்மஸுக்கு வாசிக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

டாக்டரிடம் இழுத்துப் போனேன். வட்டம் வட்டமாக வரைந்த தட்டை அவர் நைனாவின் கண்ணெதிரே பிடித்து, நடு ஓட்டை வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். அக்கா, அந்தக் கருவிழியில் அத்தனை வட்டமும் நசுங்கி முட்டை முட்டையாக மின்னியது. வெட்டிய இடம் ஆறும்போது கருவிழியின் வளைவு கொஞ்சம் கோணிவிட்டதாம். கண்ணுக்கே தெரியாத அந்தக் கோணல்தான் படுத்த கோடுகளை மட்டும் மங்கவைத்து, ஐந்து கோட்டையும் விழுங்கியிருக்கிறது.

பிறகு நைனாவுக்கு மாட்டிய சோதனைச் சட்டத்தில் வேறொரு கண்ணாடிச் சில்லைப் பொருத்தி, மெல்லச் சுழற்றும்படி என்னிடம் விட்டார்.

"நில்லு, நில்லு. வந்துட்ச்சி," என்றார் நைனா. கையோடு கொண்டுபோன பாட்டுத் தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பாடவும் ஆரம்பித்துவிட்டார்.

என் விரல் இன்னும் சில்லின் மேலேதான் இருந்தது. இம்மி திருப்பினால் கோடுகள் கரைந்துவிடும். நான் திருப்பவில்லை அக்கா. மூச்சுகூட விடாமல், பாட்டு முடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்மஸுக்கு வந்து கேள்.

உன் தவளைக்காரி