முடி வெட்டக் கிளம்பியவர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

கப்பலில் நீங்களும் உங்கள் சமையலறையும் சுகமா? உங்கள் குழம்பைத் தின்றுவிட்டு மாலுமி யாரும் கடலில் குதிக்கவில்லையே?

உங்கள் அண்ணன் போய் எட்டு மாதம். நஷ்டஈட்டு மனுவுக்கு ரயில்வேக்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். செத்தவரிடம் டிக்கெட் இல்லை, அதனால் அவர் பயணியே இல்லையாம். தண்டவாளத்தில் தானாகப் போய் விழுந்தாராம். வக்கீலம்மா படித்துச் சொன்னார், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிய மனிதருக்கு ரயிலடியில் என்ன வேலை? வீட்டுக்கு வந்த உடம்பில் முடி வெட்டியிருக்கவும் இல்லை.

அவர் அடிபட்டது நீங்கள் துறைமுகத்துக்குப் போன வண்டியில். இரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்தான். இருந்தாலும் கேட்கிறேன், அவரைப் பார்த்தீர்களா?

அன்புடன்
அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். மாலுமிகளும் உயிரோடு இருக்கிறார்கள்.

அன்றைக்கு ஒரே கூட்டம். நான் யாரையும் பார்க்கவில்லை. வழக்கு, வக்கீல் என்று ஏன் அலைகிறீர்கள்? மாதாமாதம் நான் அனுப்புகிறேன். விட்டுவிடுங்கள், அண்ணி.

சின்னவன்


மார்ச் 20

தம்பிக்கு,

பணத்துக்காக நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அன்று காலை அவரைத் திட்டினேன். "கூடப் பிறந்தவன் கிளம்பறான், ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத மனுஷன் எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டேன். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் தானாக விழுந்தார் என்றால், தள்ளியது என் வாய்தான். இருக்காது என்று ஒரு நாள் தோன்றுகிறது, இருக்கும் என்று மறுநாள். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

நான் பொய் சொன்னேன். அண்ணன் வந்தார்.

வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது ரயில் பெட்டிக்குள் ஏறி வந்தார். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "இப்படியாடா பெட்டியை வைப்பாங்க?" என்றார். கையிலிருந்த பிளாட்பார டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, என் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுக் கட்ட ஆரம்பித்தார். கட்டிக்கொண்டே பேசினார், அண்ணி. உங்களைப் பற்றி, கடையைப் பற்றி, என் சமையலைப் பற்றி. இரண்டு வருஷப் பேச்சு.

வண்டி நகர்ந்தது. குனிந்திருந்த அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவராகத் தெரிந்து வாசலுக்கு ஓடியபோது வண்டி வேகம் எடுத்திருந்தது. இறங்கிவிட்டார் என்றே நினைத்தேன். செய்தி வந்தபோது நடுக்கடலில் இருந்தேன்.

அந்த டிக்கெட் இத்தனை நாள் என் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். தேதியும் நேரமும் இருக்கின்றன. கொன்றவன் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் மறைத்தேன்.

சின்னவன்


மே 2

தம்பிக்கு,

டிக்கெட்டை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பிளாட்பார டிக்கெட் வைத்திருந்தாலும் சட்டப்படி பயணிதானாம். சாகப் போகிறவன் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டா போவான் என்று அவரே சிரித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம் நிற்பதற்கும் டிக்கெட் வாங்குகிற மனுஷன்தான் அவர்.

நான் திட்டியதால் அவர் சாகப் போகவில்லை, உங்களோடு பேசப் போனார். இந்த ஒரு வரியை அன்றே எழுதியிருந்தால் நான் இத்தனை மாதம் வெந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால் உங்கள் மேல் ஆத்திரமாக வருகிறது. பேசட்டும் என்று ரயிலில் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஆத்திரம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஜூன் பதினெட்டு விசாரணை. நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். வேறெங்கும் தங்க வேண்டாம், நேரே வீட்டுக்கு வாருங்கள். சோறு போடுவேன். பேச மாட்டேன். பேசத் தோன்றுகிறபோது நானே பேசுகிறேன்.

அண்ணி