இருபத்திரண்டாம் தேதிக்குள் ஒரு பிக்கப்

மார்ச் 2, திங்கள்

காலையில் கடை திறந்ததும் ஒரு வேன் சீட் வந்தது. உட்காருகிற இடம் கிழிந்தால் நியாயம். முதுகு சாய்கிற இடம் கோடு கோடாகக் கிழிந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படி என்று கேட்டேன். "வண்டில ஏறினா யாருங்க கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்காங்க?" என்றார் வேன்காரர். நான் எழுத வந்தது அது இல்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் சீட்டில்தான் போய் உட்காருகிறேன். இருபத்தைந்து வருஷம் அதையே தைத்தவன் வேறு எங்கே உட்காருவான்?

நேற்று கல்யாண வரவேற்பில் என் பேஸ் கிடார் பாதியில் செத்துப்போனது. கம்பிக்கு அடியில் கருப்பாக இரண்டு கட்டை பதித்திருக்கும். பிக்கப் என்பார்கள். கம்பி ஆடுவதைப் பிடித்து, சத்தத்தைப் பெரிசாக்குகிற ஆம்ப் பெட்டிக்கு அனுப்புவது அதுதான். நாலாவது பாட்டில் பின் பிக்கப் போய்விட்டது. மீதி இருந்த முன் பிக்கப் தனியாக இரைய ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் நன்றி சொல்ல, என் ஆம்ப் 'ம்ம்ம்' என்று அவருக்குச் சுருதி போட்டது. கூட்டம் சிரித்தது. அவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். பாவம்.

திரும்பி வரும்போது வண்டியில் மச்சான் சொன்னான். மச்சான் என்றால் என் மனைவி, இவளுடைய தம்பி. பாடகன், குழுவும் அவனுடையது.

"மாமா, இருபத்திரெண்டாந்தேதி பெரிய ஹாலு. அதுக்குள்ள இதச் சரி பண்ணிடுங்க. முடியலன்னா சொல்லுங்க, டீச்சர் இடது கையிலயே பேஸ் வாசிச்சிடுவாங்க."

டீச்சர் எங்கள் கீபோர்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பதினெட்டு வருஷமாக நான் இரண்டு கையால் வாசித்ததை ஒரு இடது கை வாசித்துவிடுமாம்.

மார்ச் 3, செவ்வாய்

ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி போட்டிருப்பார். இன்றைக்கு நெற்றிக் கண்ணாடியைத் தேடி மேசை முழுக்கப் புரட்டினார். நானும் கூடத் தேடினேன். அவர் நெற்றியைப் பார்க்கிற புத்தி எனக்கும் வரவில்லை. மனசு சரியில்லை என்றால் கண்ணும் வேலை செய்யாது போலிருக்கிறது.

பிக்கப்பைக் கழற்றினார். உள்ளே காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று.

"உள்ள எங்கயோ அறுந்திருக்கு. திரும்பச் சுத்திக் குடுக்குற ஆளு வெளியூர்ல இருக்காரு, ரெண்டு மாசம் ஆவும். புதுசு போட்டுக்குங்க."

"எந்தப் புதுசு?"

"அதான் கேள்வியே" என்றார். கேள்வி வந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

மார்ச் 5, வியாழன்

மூன்று வகை சொல்லியிருக்கிறார்.

பழசு போலவே ஒற்றைச் சுருள். குரல் அதே குரல், ஆனால் தனியாக விட்டால் இரையும். அடுத்தது உள்ளுக்குள்ளேயே இரண்டு சுருள் வைத்தது. இரைச்சலே கிடையாது. கேட்டுப் பார்த்தேன், சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த குரல். அழுக்கோடு சதையும் போய்விட்டது. இன்னொன்று பேட்டரி போட்டு ஓடுவது. அதிகாரி வீட்டுக் காவல்காரன் மாதிரி எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது.

சாப்பிடும்போது இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஒரு காந்தத்துக்கு மூணு நாளா யோசனை. என்னப் பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல சரின்னு சொன்னீங்களே" என்றாள்.

"அப்ப வேற வகை காட்டலயே" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி கேட்டான், மாமா சரி பண்ணிட்டாரான்னு" என்றாள். அக்காவிடம்தான் கேட்கிறான். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஊசி விரலில் ஏறிவிட்டது. இடது நடுவிரல். கம்பி அழுத்துகிற விரல்.

மார்ச் 8, ஞாயிறு

என்னை விட்டு ஒத்திகை நடந்தது. முடிந்ததும் டிரம்ஸ்காரன் வீட்டுக்கு வந்தான். அவனை மழை என்று கூப்பிடுவோம். ஆரம்பித்தால் நிற்க மாட்டான், பேச்சும் அப்படித்தான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"இருந்துச்சுண்ணே." டீயை ஒரு வாய் குடித்தான். "ஒத்தச் செருப்பு போட்டு நடந்த மாதிரி இருந்துச்சு. ஆனா…"

"ஆனா?"

"கொஞ்ச நேரத்துல நடக்கப் பழகிடுது."

மழை அதற்கு மேல் பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். ஒற்றைச் சுருள். பின் பக்கத்துக்கு மட்டும்.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். "ஜோடியா மாத்துங்க. ஒண்ணு ஒரு கம்பெனி, இன்னொண்ணு வேற கம்பெனின்னா ஒத்துப்போவுதான்னு பாத்து மாட்டணும்."

முன் பிக்கப் என்ன தப்புச் செய்தது? பதினெட்டு வருஷமாக ஒழுங்காக வேலை பார்க்கிற ஒன்றை, பக்கத்து ஆள் விழுந்துவிட்டான் என்பதற்காக நீயும் போ என்று சொல்வதா? என்னால் முடியாது என்றேன்.

"சரி, என்கிட்ட கொண்டாங்க, மாட்டித் தரேன்."

"நாலு கார் சீட்டு ஒரே நாள்ல மாட்டுறவன் நான். ரெண்டு வயர் மாட்ட மாட்டேனா?"

அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

மார்ச் 14, சனி

பிக்கப் வந்தது. அளவெடுக்கிற நாடாவால் அளந்தேன். பின் பிக்கப் முன்னதைவிட ஒரு நூல் நீளம் என்று அவர் சொன்னது சரிதான். பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடியில் சீட்டுப் பஞ்சில் இரண்டு துண்டு வெட்டி வைத்தேன், கம்பிக்குக் கிட்டே தூக்கிக் கொடுக்க. கடையில் வீணாகப் போகிற பஞ்சு. சாமி, அந்த வேலை அவ்வளவு அழகு!

பழசில் வெள்ளை வயர் இருந்த இடத்தில் புதுசின் வெள்ளை, கருப்பு இருந்த இடத்தில் கருப்பு. பற்றவைத்து முடிக்க அரை மணி நேரம்.

முன்னதை மூடிவிட்டுப் பின்னதை மட்டும் கேட்டேன். அடேயப்பா. பின்னதை மூடி முன்னதைக் கேட்டேன். அதே பழைய குரல். இரண்டையும் சேர்த்துத் திறக்கப் போகும்போது கீழ் வீட்டம்மா கதவைத் தட்டினார். பிள்ளைக்குப் பரீட்சையாம். அணைத்துவிட்டேன். தனித்தனியாக நன்றாக இருப்பவை சேர்ந்தால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். சட்டைகூட இஸ்திரி போட்டது. முதல் பாட்டு. இரண்டு பிக்கப்பும் முழுசாகத் திறந்தேன். வாசிக்கிறேன் — சத்தம் வருது, பேஸ் வரல. அடிவயிறே இல்ல. டப்பாவுக்குள்ள ஈ மாட்டின மாதிரி நொய் நொய்யின்னு. கூடவே அந்த இரைச்சல் வேற.

மச்சான் கையைத் தூக்கி நிறுத்தினான். "மாமா, வாசிக்கிறீங்களா?"

வாசிக்கிறேனான்னு கேக்குறான்! நான் என்ன, சீப்பு வச்சி தலை வாரிக்கிட்டா நிக்கிறேன்?

"ஆம்ப்பு சரியில்ல" என்றேன். ஆம்ப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு வாரம் டைம் குடுத்தேன் மாமா. கெடச்சதா பிக்கப்பு? இல்ல இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கீங்களா?"

மழை சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்தச் சிரிப்புதான். அவன் சிரிச்சிருக்கக் கூடாது. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சி.

"நீ கத்துறதுக்கு பேஸ் எதுக்குடா? கீபோர்டே போதும். அவங்களையே வச்சிக்க!"

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும், 'டா' போட்டு. பதினேழு வயசிலிருந்து பார்க்கிறேன் அவனை, ஒரு நாள் 'டா' போட்டதில்லை. முகம் சின்னதாகிப் போனது. "சரி மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வயரைக்கூடச் சுருட்டாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

இவளுக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடிக்காரர் திறந்து பார்த்தார். மேல்மூச்சு வாங்கச் சிரித்தார்.

"பழசுல கருப்பு இருந்த எடத்துல கருப்ப வச்சிட்டீங்களா?"

"வேற எங்க வைப்பாங்க?"

"இந்தக் கம்பெனிக்குக் கருப்புதாங்க சத்தம் போற வயரு. வெள்ளைதான் எர்த்து. திருப்பிட்டீங்க. இப்ப முன்னது தள்ளுறப்ப பின்னது இழுக்குது. தனியா கேட்டா ரெண்டுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. சேத்தா அடிச்சத்தத்த ஒண்ண ஒண்ணு தின்னுடும்."

இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்தார். நான் கொண்டுபோன டீ ஆறுவதற்குள் முடிந்தது. "இப்ப ரெண்டையும் தொறங்க" என்றார்.

திறந்தேன். இரைச்சல் துளி இல்லை. அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். அவர் மேசையில் இருந்த திருகாணி எல்லாம் நடுங்கியது. இந்தப் பதினெட்டு வருஷத்தில் என் பேஸ் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். கண் கலங்கியது வேறு எதற்கோ.

மார்ச் 18, புதன்

மச்சானுக்குப் போன் செய்தேன். நாலு தடவை எண்ணைப் போட்டு அழித்த பிறகு.

"சரியாயிடுச்சி மச்சான். வயரு மாறிப்போச்சி, அவ்வளவுதான். அன்னிக்கி நான் பேசினது…"

"அத விடுங்க மாமா. அக்கா புருஷன் திட்டினா திட்டிட்டுப் போறாரு."

"அப்ப இருபத்திரெண்டு…"

கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான்.

"மாமா, நீங்க சொன்னதத்தான் செஞ்சி பாத்தோம். டீச்சர் வாசிச்சாங்க. நல்லாத்தான் இருக்கு. இப்ப போயி அவங்கள நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது? நான் தப்பா சொல்லல மாமா. நல்லா இருக்கு."

நல்லா இல்லன்னு பொய்யாவது சொல்லக் கூடாதா?

மார்ச் 20, வெள்ளி

டீச்சர் கடைக்கு வந்தார். ஸ்கூட்டர் சீட் தைக்க வேண்டும் என்றார். சீட்டில் ஒரு கிழிசலும் இல்லை. நானும் சொல்லவில்லை.

வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "இந்த வேலைய நான் கேட்டு வாங்கல சார். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"ரெண்டாவது பாட்டுல, சரணத்துக்கு முன்னாடி நீங்க மேலேர்ந்து எறங்கி வருவீங்கல்ல. எனக்கு அது வரமாட்டேங்குது. நாலு நாளா பாக்குறேன்."

நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கலாம். அந்த இடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானே போட்டது. ஒரு நாள் விரல் தவறி ஒரு கட்டம் தள்ளி விழுந்து, மழை அதைப் பார்த்துச் சிரித்து, அவனும் அதற்கு ஏற்ற மாதிரி ஒன்று தட்ட, அப்படியே நின்றுபோனது. தப்பில் பிறந்தது. அவர் சரியாக வாசித்துப் பார்த்தால் எப்படி வரும்?

அவர் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே விரலால் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது சுரத்தில் கொஞ்சம் தாமதிக்க வேண்டும், மாடிப்படி இறங்கும்போது ஒரு படியை மறந்துவிட்ட மாதிரி. அவர் இடது கையைப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். ஆறாவது தடவை வந்துவிட்டது.

"நன்றி சார்" என்றார். தலையைக் குனிந்தபடியே வண்டியை எடுத்தார். சீட் தைக்கவில்லை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

மார்ச் 22, ஞாயிறு

நான் போகவில்லை. இவள் போயிருக்கிறாள். போ என்று நான்தான் சொன்னேன். தம்பி பாடுகிறான், போகாமல் எப்படி?

மார்ச் 23, திங்கள்

இவளாகச் சொல்லட்டும் என்று காலையில் பேசாமல் இருந்தேன். துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நல்லா பண்ணாங்க. ஹால் நெறஞ்சி, நிக்க எடமில்ல."

"ம்."

"ரெண்டாவது பாட்டுல அந்த எறங்கி வர்ற எடம் வந்துச்சிங்க. அப்படியே வந்துச்சி." பிழிந்த துணியையே இன்னொரு தடவை பிழிந்தாள். "நீங்கதான் வந்துட்டீங்கன்னு மேடையில தேடினேன்."

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு தெரு தாண்டியபிறகுதான் பார்த்தேன், சாப்பாட்டுப் பையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாலு மணி. குழுவுக்கு இன்றைக்கு எங்கேயோ நிகழ்ச்சி, நான் இல்லாமல். இந்நேரம் வண்டி கிளம்பியிருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் கடை, ஞாயிற்றுக்கிழமை குழு. இந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, தரையில் நீண்டு, எதிர்ச் சுவரில் பாதி ஏறி நின்றது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது தெனமும் இப்படித்தான் வருமா?" என்றேன்.

"எது?"

"இந்த வெயிலு."

"பதினெட்டு வருஷமா வருது" என்றாள்.

பக்கத்தில் இருந்த துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.