லிஃப்ட்காரர் ஜோக்

ஞாயிறு, மதியம்

என் அன்பு டீச்சருக்கு,

உன் டோக்கன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதை உன் அண்ணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த மாதம் மூன்று முறை ஃபோன் செய்தேன். முதல் முறை நீ குளிக்கிறாய் என்றார். இரண்டாவது முறை மொட்டை மாடியில் இருக்கிறாய் என்றார். மூன்றாவது முறை நீயே எடுத்தாய். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருந்தேன். நீ "ம், சொல்லு" என்றதும், இங்கே நல்ல மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை.

அதனால்தான் கடிதம். ஃபோன் என்றால் பாதியில் நீ வைத்துவிடலாம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும், மனசு வந்தபோது எடுத்துப் படிக்கலாம்.

முதலில் சில்லறைச் செய்திகள். மீனைப் பார்த்தால் மனசு அமைதியாகும் என்று யாரோ சொல்ல, நான் டோக்கன் கூப்பிடுகிற கிளினிக்கில் எங்கள் பல் டாக்டர் ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார். நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடும் மீனைப் பார்த்து, வருகிறவர்களுக்குப் பயம் கூடியதுதான் மிச்சம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் நம்முடைய ஞாயிற்றுக்கிழமை ஜோக் கூட்டம் தவறாமல் நடக்கிறது. அதே ஐந்து மணி, அதே மடக்கு நாற்காலிகள், சுவரில் அதே 'ஹாரன் அடிக்காதீர்' படம். ஸ்டியரிங் இன்னும் வகுப்பில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற குரலிலேயே எங்களை மேடைக்குக் கூப்பிடுகிறான். நேரம் முடிந்தால் அதே சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். மருந்துக்கடை மாத்திரை முன்னைவிட நன்றாகப் பேசுகிறான். கையெழுத்து புரியாத டாக்டர் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஓட்டுகிறான், வயிறு வலிக்கிறது. முன்பு நாம் ஏழு பேர் இப்படிப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏற, கேட்க நான்கு பேர் வருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது முப்பது, நாற்பது பேர் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உன்னைத் தெரியாது. உன் வீட்டுக்காரரை, நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிட்டவரை, அவரையும் தெரியாது.

அண்ணன் போய் எட்டு மாதம் முடிந்துவிட்டது. இப்படி நேராக எழுத எனக்கே கை வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவரைத் தொட்டது. சுற்றி வளைத்தால் மறுபடியும் மழையில் போய் நிற்பேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. பெரிய அரங்கின் மேனேஜரம்மா எங்கள் பேச்சைக் கேட்க வருகிறார் என்று ஸ்டியரிங் சொல்லியிருந்தான். அவர்கள் 'புதுக் குரல்' என்று ஒரு போட்டி வைக்கிறார்கள், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கத்தான் வருகிறார். ஜெயிப்பவருக்கு ஒரு வருஷம், மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த மேடை. நான் பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று பல் கிளினிக் ஜோக்குகளைத் தயார் பண்ணினேன். மேடை ஏறிச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் வந்தது ஒரே ஒரு இருமல். மேனேஜரம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், உன் ஜோக். ஒரு வார்த்தை மாறாமல். "எங்க வீடு ஆறாவது மாடி. ஆனா மனுஷன் ஒரு நாள்கூட லிஃப்ட்ல வந்ததில்ல, படியிலதான் மூச்சு வாங்க வாங்க ஏறி வருவார். ஏங்க இப்படின்னு கேட்டேன். 'அத ரிப்பேர் பண்ணினது நான்தானே'ங்கிறார்." அறை அதிர்ந்தது. நான் நிறுத்தவில்லை. சண்டை வந்தால் நீ கத்தக் கத்த அவர் வாயைத் திறக்காமல் இருந்து, கடைசியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிற குரலில், "பதட்டப்படாதீங்க மேடம், ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்பாரே, அதையும் சொன்னேன். நான்கு நிமிஷம். நீ கை வைக்கும் இடத்தில் கை வைத்தேன், நீ மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஜோக்கை நீ சொல்லும்போதெல்லாம் அண்ணன் வேலை உடுப்போடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நீ முடிக்கும் முன்னாலேயே சிரித்துவிடுவார். என்ன வரப்போகிறது என்று தெரியும், அடக்க முடியாது. 'இந்த மனுஷன் என் ஜோக்கை எல்லாம் வீணாக்குறார்' என்று நீ என்னிடம் எத்தனை முறை குறைப்பட்டிருப்பாய்! அன்றைக்கு 'ஏங்க இப்படின்னு கேட்டேன்' என்று சொல்லிவிட்டு நான் ஒரு நொடி நிறுத்தினேன். அந்தச் சிரிப்புக்குக் காத்திருந்தேன், டீச்சர். பழக்கம். அது வரவில்லை. மற்றவர்கள் சிரிப்பு சரியான நேரத்துக்கு வந்தது. அந்த ஜோக்குக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் யாருடைய வண்டியிலோ சாய்ந்துகொண்டு அழுதேன்.

அழுததைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை. ஏனென்றால் அழுது முடித்து மேலே போனதும் மேனேஜரம்மா என் கையைப் பிடித்து, போட்டிக்கு என் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஜோக் என்னுடையது இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் நன்றி சொன்னேன். மாத்திரை என்னைப் பார்க்காமல் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சிரிக்காதே. அன்றைக்கு வந்திருந்த ஒரு அப்பார்ட்மென்ட் செயலாளர், அடுத்த வாரம் பல் வலி என்று எங்கள் கிளினிக்குக்கே வந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர்கள் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். "உங்க வீட்டுக்காரர் நம்பர் குடும்மா, அவரை மாதிரி உண்மையைச் சொல்ற மெக்கானிக்தான் வேணும்" என்றார். வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

"எப்ப வருவார்?" என்று கேட்டார்.

இருபத்திரண்டாம் டோக்கன் என்று சத்தமாகக் கூப்பிட்டேன். அவருடையது பத்தொன்பது.

அன்றைக்குத்தான் உனக்கு முதல் ஃபோன் செய்தேன். அடுத்த ஞாயிறு ஸ்டியரிங் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. "நல்லாத்தான் ஓட்டினே. ஆனா வண்டி அவளோடது. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான். கேட்கிறேன் என்றேன். கேட்டது மழை வரைக்கும்தான். போட்டிக்கு நான்கு நாள் முன்னால் மேனேஜரம்மா ஃபோன் செய்து, "வீட்டுக்காரரை அவசியம் கூட்டிட்டு வாங்க, முன் வரிசையில சீட் போட்டுட்டேன், நீங்க அவரைக் காட்டிக் காட்டிப் பேசலாம்" என்று உற்சாகமாகச் சொன்னார். அதற்கும் சரி என்றேன். பொய் சொல்வதற்கு ஒன்றும் பெரிய திறமை வேண்டாம், எதற்கும் சரி என்று சொன்னால் போதும் என்று அப்போது தெரிந்தது.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டி நடந்தது. முந்நூறு பேர். விளக்கு கண்ணில் அடித்தால் கூட்டம் தெரியாது என்பார்கள், எனக்கு முன் வரிசை மட்டும் நன்றாகவே தெரிந்தது. ஒரு காலி சீட்டின் முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில் 'டோக்கன் வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் அதில் தன் குடையை வைத்திருந்தார்.

அந்த நான்கு நிமிஷத்தைச் சொல்லலாம் என்றுதான் மேடை ஏறினேன். இதை உன்னிடம் மறைக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரர்" என்று ஆரம்பித்தும்விட்டேன். சீட்டைப் பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டு, "எனக்கு வீட்டுக்காரரே இல்லைங்க" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். "நிஜமாத்தான். எங்க அம்மா பத்து வருஷமா எனக்கு மாப்பிள்ளை தேடுறாங்க, கிடைக்கல. இந்த ஹால்காரங்க நாலே நாள்ல சீட்டே போட்டுட்டாங்க" என்றேன். அதற்கு வந்த சிரிப்பு, டீச்சர், கூரை வரைக்கும் போய் வந்தது. அது என்னுடைய சொந்தச் சிரிப்பு.

அது அடங்கியதும் உள்ளதைச் சொன்னேன். தேர்வு நாளில் நான் சொன்னது டீச்சர் என்கிற என் தோழியின் ஜோக், கேட்காமல் எடுத்துச் சொன்னேன், இன்றைக்குச் சொல்லப் போவதில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர் என்று மட்டும் சொன்னேன். அவர் இப்போது இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிற விஷயம். ஒன்றைத் திருடியது போதும்.

எனக்கு இன்னும் ஐந்து நிமிஷம் மீதி இருந்தது. ஊரில் யாரும் வரிசையில் யாருக்கும் வழி விடுவதில்லை, எங்கள் கிளினிக்கில் மட்டும் பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டால் பதினேழு எழுந்து பதினெட்டைப் பார்த்து, "பரவால்ல, நீங்க முதல்ல போங்க" என்று மரியாதை காட்டுகிறது என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். மீன் தொட்டிக்கும் சிரித்தார்கள். சுமாராகத்தான், ஆனால் சிரித்தார்கள்.

ஜெயித்தது மாத்திரை. முடிவைச் சொன்னதும் அவன் நேராக என்னிடம் வந்து, "இன்னைக்குத்தான் உன்னைப் பார்த்துப் பேசவே தோணுது" என்றான். மேனேஜரம்மா வந்து, நான் அவரை ஏமாற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, அந்த டீச்சர் எங்கே இருக்கிறார், அவர் நம்பர் வேண்டும் என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூப்பிடு என்று சொல்லவில்லை. கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை.

நீ இனிமேல் அந்த ஜோக்கைச் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கலாம். அப்படியென்றால் அது உன்னோடு இருக்கட்டும். இங்கே ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் செயலாளர் நேற்றும் கூட்டத்தில் இருந்தார். வெளியே வரும்போது என்னைப் பிடித்து, "அப்ப அந்த மெக்கானிக் நிஜமாவே இருக்காரா?" என்று கேட்டார். நிஜம்தான் சார், ஆறு மாடியும் படியில்தான் ஏறுவார் என்றேன்.

இன்னும் ஒரு விஷயம். அண்ணன் காரியத்தின்போது பதினொரு நாளும் உன் வீட்டுச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டே இருந்தேன், உன் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை. மேடையில் நின்று பேசுகிறவள், உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்ட அன்றும், பெட்டி பத்திரம் என்றுதான் சொன்னேன். உன் ஜோக்கை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் சாக்கில் இதற்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

நீ அங்கே பேச்சைக் குறைத்துவிட்டாய் என்று உன் அண்ணி கவலைப்படுகிறார். சிரிக்கச் சொல்லி உன்னை நான் கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. வெளியே கொஞ்சம் நட. என் மேல் கோபம் வந்தால் அடக்கி வைக்காதே, உட்கார்ந்து எழுது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் திட்ட உனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? நான் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். உறை மேல் உன் கையெழுத்து இருந்தால் எனக்குப் போதும்.

என்றும் உன்,
டோக்கன்