ராஜத்தின் குட்டி வண்டிக்கு போர் வேலை

ஆனி 3, செவ்வாய்

விடியும் முன்பே மழை. பால் வெட்டு இல்லை. ரப்பர் மரத்துக்கும் லீவு, எனக்கும் லீவு.

வீட்டுக்காரி ராஜத்தின் குட்டி மொபெட்டைப் பார்க்க உட்கார்ந்தேன். நேற்றுக் காலை ஏற்றத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டதாம். கிக்கர் அசையவில்லை. நான் ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை.

ராஜத்துக்கு இடதுகால் சின்னதிலேயே சூம்பிப்போனது. வேறு வண்டியில் ஏறினால் கால் தரைக்கு எட்டாது. இது ஒன்றுதான் எட்டும். பாலர் பள்ளியில் ஆயா வேலை. சாவி அவள் கையில். ஏழரைக்குத் திறந்தால்தான் அண்டி ஆபீசுக்கு முந்திரி உடைக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட முடியும். நாலு கிலோமீட்டர், பாதி ஏற்றம்.

இன்று நடந்தாள். திறக்கும்போது எட்டேகால். பெண்கள் பிள்ளைகளோடு மழையில் நின்றார்களாம். ஒருத்தி சொன்னாளாம், “முடியல்லன்னா சாவிய வேற ஆளுட்ட குடுத்துருங்கக்கா. எங்களுக்கு கூலி போவுது.”

வந்து காலைத் தடவிக்கொண்டே ராஜம் சொன்னாள்: “அரிசிச் சாக்க முன்னால வச்சேன். மேல நானும் இருந்தேன். வண்டி தாங்கல்ல. என் தப்பாக்கும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் அடிக்கப் போனது நான். பங்க்கில் இருந்த ஆளிடம் பேச்சிப்பாறைப் பக்கம் யானை இறங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். யானை வந்தது, வாழையைத் தின்றது, சொரிமுத்துவின் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டது. கட்டிலில் சொரிமுத்து இல்லை என்பது கடைசியில்தான் வரும். கதை முடிய நேரமாகிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்ரோலில் கலக்க வாங்கிய ஆயில் பாக்கெட் சட்டைப்பையிலேயே இருந்தது. இன்றுதான் பார்த்தேன்.

ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடிக்காமல் என்ன செய்யும்.

ஆனி 4, புதன்

மழை. எஞ்சின் மேல்மூடி ஹெட்டில் நாலு நட்டு. மூன்று வந்தது. நாலாவதுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். டீ. மறுபடி ஊற்றினேன். வந்தது.

சிலிண்டரை உருவிப் பார்த்தேன். பிஸ்டன் பக்கமெல்லாம் பூனை பிறாண்டியது மாதிரி. ரிங் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே இரும்பாகிவிட்டது.

துணிப்பையில் போட்டு குலசேகரத்துக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் செல்வன் தூக்கிப் பார்த்தான்.

“வட்டக்கோட்டையில தோண்டி எடுத்தியா வேய் இத?”

“கேலி பண்ணாத. சரியாவுமா?”

“ஆயில் ஊத்தாம ஓட்டின பெரிய மனுசன் ஆரு?”

“ஆருக்குத் தெரியும்.”

என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான். “சிலிண்டரக் கடைஞ்சு போர் அடிச்சு வைக்கேன். பிஸ்டன் நீயே தேடிக்க. மாட்டுறதும் நீதான். இந்த வண்டி தொட்டு ரெண்டு வருசமாச்சு எனக்கு.”

மார்த்தாண்டம். மூன்று கடை. முதல் கடைக்காரர் வேறு வண்டி வாங்கச் சொன்னார். இரண்டாவது கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் ஏணி போட்டு ஏறி, தும்மி, இறங்கி, மறுபடி ஏறி ஒரு டப்பாவை எடுத்தார். “இந்த சைஸ் இது ஒண்ணுதான் உண்டு. இனி வராது, கேட்டியளா.”

கிடைத்தது: பிஸ்டன், ரிங் 2, பின், லாக் 2, ஹெட் கேஸ்கட்.
கிடைக்காதது: சிலிண்டருக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்.

ராஜம் இன்றும் நடந்தாள். ஐந்தரைக்கே இறங்கினாள். திறந்தது ஏழு நாற்பது.

ஆனி 6, வெள்ளி

வெயில்! வெட்டு உண்டு. பால் நல்ல பால்.

அடி கேஸ்கட்டுக்கு வழி கண்டுபிடித்தேன். போர் அடித்து வாங்கி வந்த சிலிண்டரைக் காலண்டர் அட்டையில் வைத்து வரைந்து, பிளேடால் வெட்டி எடுத்தேன். காற்று கசியக் கூடாதே. ஒரு சிரட்டை ரப்பர் பாலை எடுத்து இரண்டு பக்கமும் பூசினேன். அரைமணி நேரத்தில் தோல் மாதிரி பிடித்துக்கொண்டது. செல்வனுக்குக் கூட இது தோன்றியிருக்காது.

பிஸ்டன் பின்னை நிறுத்துகிற லாக் கம்பி ஒன்று கையிலிருந்து தெறித்தது. கோழிக்கூட்டுப் பக்கம். ஒருமணி நேரம் குனிந்து தேடினேன். கோழி தின்றுவிட்டதோ என்று அதையும் முறைத்துப் பார்த்தேன். கடைசியில் என் வேட்டி மடிப்பில் கிடந்தது.

சிலிண்டரை இறக்க ஒரு ஆள் கை போதாது. ராஜம் பலகை போட்டு உட்கார்ந்து, ரிங்கை இரண்டு பெருவிரலால் அமுக்கிப் பிடித்தாள்.

“மெல்ல எறக்குங்க. விரலு மாட்டும்.”

“நீ விடாத.”

“நான் விடல்ல. நீங்க மூச்ச விடுங்க மொதல்ல.”

டப்பென்று உள்ளே போனது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “இனி அரிசிச் சாக்கு ஏத்த மாட்டேன்” என்றாள். நான் நட்டை முறுக்கினேன்.

ஆனி 7, சனி

ஆயில் கலந்தேன். இரண்டு தடவை அளந்தேன். ஒன்பதாவது மிதியில் கிளம்பியது. முற்றம் முழுக்கப் புகை. தேவி கோயில் முக்கு வரை ராஜம் போய் வந்தாள். வந்து இறங்கினவள் முகம். கல்யாணமான புதிதில் பார்த்தது.

ஆனி 9, திங்கள்

சாரல். ஏழு இருபதுக்கே பள்ளி திறந்தாளாம். சாவியைக் கேட்டவளே ராஜத்துக்கு ஒரு பேயன்பழம் கொடுத்தாளாம். பாதி எனக்குக் கொண்டுவந்தாள்.

ஆனி 10, செவ்வாய்

மழை. ஏழேகாலுக்கு போன். ராஜம். “வண்டி சும்மாவே அலறிச்சு. ஆக்ஸிலேட்டர விட்டும் கொறையல்ல. பொறவு நின்னுட்டு.”

ஓடினேன். பாதி ஏற்றத்தில் ஓரமாக நின்றாள், நனைந்து. வண்டியை என்னிடம் விட்டுவிட்டு மீதி தூரம் நடந்தாள். கையைப் பிடிக்கப் போனேன். “வரண்டாம், வண்டியப் பாருங்க.”

வீட்டில் கொண்டுவந்து பிரித்தேன். பிஸ்டன் மறுபடி பிடித்துவிட்டது. ஏன் என்று புரியவில்லை. மத்தியானம் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடி கேஸ்கட்டைத் தொட்டாள். விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது, பலாப்பிசின் மாதிரி. அட்டை ஒரு பக்கம் கூழ்.

“இது என்ன?”

“ரப்பர் பால். கசியாம இருக்கதுக்கு.”

விரலை முகர்ந்து பார்த்தாள். “உங்க சட்டையில ஒட்டுத பால நான் வாராவாரம் எத வச்சு எடுக்கேன்?”

பெட்ரோல் வைத்துத்தான் எடுக்கிறாள். பெட்ரோல் பட்டால் பால் இளகும். முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். இளகின வழியே காற்று உள்ளே புகுந்து, பெட்ரோலும் ஆயிலும் எட்டாமல், சூட்டில் பிடித்துவிட்டது.

“அப்போ இந்தத் தடவ நான் காரணம் இல்ல,” என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபின் அடக்க முடியவில்லை. போன தடவையும் நீ இல்லை என்று சொல்லிவிட்டேன். பங்க், யானைக் கதை, ஆயில், எல்லாம்.

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

“ஒரு வாரமா நான் ராத்திரி சோறு திங்கல்ல,” என்றாள். “பாரம் கொறையட்டும்னு.”

எழுந்து போய்விட்டாள். அவள் தின்னாததை நான் கவனிக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்துதான் தின்றேன், ஏழு நாளும்.

ஆனி 11, புதன்

மழை. மார்த்தாண்டம் கடைக்கு போன் செய்தேன். பெரியவர், “அன்னைக்கே சொன்னேன் இல்லியா” என்றார்.

ஐந்து மணிக்கு எழுந்து கஞ்சி வைத்தேன், பயறும் போட்டு. குடித்தாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட வரட்டுமா என்றேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று. வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழரை. பெண்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள்; அவள் இன்னும் ஏற்றத்தில்தான் இருப்பாள்.