வேங்கைக்கு விழுந்த வெட்டு

மேல் லயம், ருவான்வெல்லை
1927 மாசி 18, இரவு

அன்புள்ள ஸாஹிராவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் உம்மாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று டீச்சரம்மா கேட்டாரா? காய்ச்சல் இல்லை. தோட்டத்துக் கங்காணி ஏழுமலைக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுக்கப்போகிறார்கள். மாடசாமி கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் வேங்கை பூத்தால்தான் எங்கள் லயத்து வீடுகளில் கல்யாணம். அந்தப் பூவில்தான் மாலை. போன வருஷம் பூக்கவில்லை. "பூக்கட்டும் இருளப்பா, நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" என்று கங்காணி சிரித்தார். "நீங்க சொன்னா சரிதாங்க" என்றார் அப்பா.

பால் வெட்டும்போது பட்டையைச் சுற்றி ஆழமாக வெட்டினால் றப்பர் மரம் செத்துப்போகும் என்று அப்பா சொல்வார். அவருடைய கத்தியை எடுத்துப் போய் வேங்கையைச் சுற்றி வெட்டிவிட்டேன். இரத்தம் மாதிரி வடிந்தது. நகத்திலிருந்து சிவப்பு இன்னும் போகவில்லை. வெட்டின இடத்தைச் செடி செத்தையால் மறைத்திருக்கிறேன். இலை உதிர ஆரம்பித்துவிட்டது. மரம் செத்தால் பள்ளிக்கூடம் வருவேன். என் இடத்தில் யாரையும் உட்காரவிடாதே.

உன்
செல்லாயி


கடைத்தெரு, ருவான்வெல்லை
மாசி 26

அன்புள்ள செல்லாயிக்கு,

உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். "அவ என்ன ராசாத்தியா?" என்று அங்கே உட்கார வந்த மர்லியா கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோபிக்காதே. நான் அழுததைப் பார்த்து உம்மா கேட்டார்; அவரிடம் மட்டும் சொன்னேன். உம்மா வாப்பாவிடம் மட்டும் சொன்னார். அதுவும் நல்லதுதான். கங்காணி கூறைச்சேலை வாங்க எங்கள் கடைக்குத்தானே வருவார்? "சின்னப் புள்ள தானே, நான் அவர்ட்ட செல்லிப் பாக்கிறேன்" என்று வாப்பா சொல்லியிருக்கிறார். பயப்படாமல் தூங்கு.

உன்
ஸாஹிரா


மேல் லயம்
பங்குனி 9, இரவு

ஸாஹிரா,

மரம் சாகவில்லை. இலையெல்லாம் கொட்டி, கிளை தெரியாமல் மஞ்சளாகப் பூத்துவிட்டது. இப்படி அது பூத்து யாருமே பார்த்ததில்லையாம். "சாமிக்கே அவசரம்" என்று அம்மா கும்பிடுகிறாள். நான் வெட்டியதால்தான் பூத்ததோ என்னவோ.

இன்று கங்காணி உங்கள் கடையிலிருந்து சேலையோடு வந்தார். நேரே மரத்தடிக்குப் போய்ச் செத்தையை விலக்கினார். அப்பாவைக் கூப்பிட்டார்.

"சாமி மரத்துல ஒன் கத்தி வெட்டு இருக்கு இருளப்பா. தொரைகிட்ட சொல்லவா, வெள்ளிக்கெழம தாலி கட்டவா?"

அப்பா என் விரல்களைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டுங்க" என்றார்.

சின்னப் பிள்ளை என்று உன் வாப்பா சொன்னாரா, தெரியாது. மரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இனி எனக்கு எழுதாதே. உன் பையை எடுத்துக்கொள். அந்த இடத்தில் மர்லியா உட்காரட்டும். அவளிடம் சொல், நான்

கதவைத் தட்டுகிறார்கள். கங்காணியின் குரல். அப்பா எழுந்து கதவைத் திறக்க