இரண்டாவது மிதியில் பிடித்த பிரேக்

ஆசை அண்ணா,

நாளைக்குக் காலையில் நம் பள்ளிக்கூட வானை ஃபிட்னஸ் சோதனைக்குக் கொண்டு போகிறேன். போன வருசம் பங்குனியில் நீ கொண்டு போனாய், நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். இந்த முறை ஃபைலும் நான்தான், டிரைவரும் நான்தான். அதற்கு முதல் உன்னோடு ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்ற வான்காரர்களும் கேட்கட்டும் என்றுதான் இதை உறைக்குள் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம் சொல்கிறேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற என் பழைய வேலையை இப்போது அண்ணி செய்கிறார். முதல் கிழமை முழுக்க அழுதார், இப்போது பிள்ளைகளை அதட்டப் பழகிவிட்டார். உன் மகள் மெலனிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. முன் சீற்றை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அது டடியின் பக்கமாம். மாசி வரைக்கும் மெலனியோடு மொத்தம் பதினாலு பிள்ளைகள். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் ஜிந்துப்பிட்டியிலும் நீ ஏற்றிய அதே பிள்ளைகளைத்தான் வெள்ளவத்தைப் பள்ளிக்கூட வாசலில் இறக்குகிறோம்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். ஆறு வருசம் உன் வானில் வேலை செய்தேன், ஆனால் உன் காலை நான் பார்த்ததே இல்லை. என் கண்ணெல்லாம் பின்னால் பிள்ளைகள் மேல்தான். போன சித்திரையில் லேனர்ஸ் லைசன்ஸ் எடுத்த பிறகுதான் பக்கத்தில் இருந்து உன் காலைக் கவனிக்கத் தொடங்கினேன். நீ பிரேக்கை இரண்டு தரம் மிதித்தாய். முதலில் ஒரு சின்ன மிதி, அடுத்தது அழுத்தி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் போத்தலைச் சரித்துக் கொஞ்சம் விட்டாய். டீசல் குடிக்கிற மாதிரி வான் என்றால் இதுவும் குடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி!

லேனர்ஸ் பழக்கிய மாஸ்டர் ஒருநாள் என்னை ஏசினார். "பிள்ள, ஏன் சும்மா ரெண்டு தரம் மிதிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருடைய கார் சொகுசுக் கார், நம்முடைய வான் உழைக்கிற வான், அதனால்தான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் செய்வது பிழையாக இருக்கும் என்று எந்தத் தங்கச்சிக்குத் தோன்றும்?

ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். ஆகஸ்ட் லீவு வரைக்கும் உன் சிங்களக் கூட்டாளி நிமல், நான் அண்ணன் முறையில் அய்யே என்று கூப்பிடுகிறவர், தன்னுடைய வானிலேயே இரண்டு நடை அடித்து நம் பிள்ளைகளையும் கொண்டுபோய் விட்டார். அதற்குள் லைசன்ஸும் கிடைக்க, லீவு முடிய நான் வானை ஓடத் தொடங்கினேன். உன்னைப் போலவே இரண்டு மிதி, உன்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஒயில். தாய்மார் யாராவது வானைப் பற்றிக் கேட்டால் உன்னைப் போலவே ஃபைலைத் தட்டி, "ஃபிட்னஸ் இருக்குது" என்பேன். டிசம்பர் லீவில் வானுக்கு என்ன செய்தேன் தெரியுமா? சீற் கவர் மாற்றினேன், பூப்போட்டது. மாதம் போகப் போக முதல் மிதி இன்னும் ஆழமாகப் போனதும் போத்தல் கெதியாக முடிந்ததும் எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக என் கால் அதற்குப் பழகிவிட்டது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் பிடித்தது. ஞாயிறு பூசைக்கும் போகவில்லை, பொனட்டையும் திறக்கவில்லை. திங்கள் காலையில் எழும்பவே முடியவில்லை. நிமல் அய்யே ஏற்றுகிற பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு லீவு. கேட்டவுடனே வந்தார், ஜன்னலால் வான் திறப்பை நீட்டினேன். அந்த வானின் ஸ்டியரிங்கை அவர் அதற்கு முதல் ஒருநாளும் பிடித்ததில்லை. அண்ணியும் மெலனியும் ஏறினார்கள், வான் சந்தால் திரும்பிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.

கொத்தமல்லி குடிக்க எழும்பியபோது மேசையில் போத்தலைக் கண்டேன். புதுப் போத்தல், மூடி உடைக்காமல் இருந்தது. நேற்று ஒயில் விடவில்லையே என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. இரண்டு தரம் மிதிக்க வேண்டும் என்று நிமல் அய்யேயிடம் நான் சொல்லவே இல்லை.

நிமல் அய்யேக்குக் கோல் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. ஓடும்போது போனைத் தொடாத மனுசன் அவர், அது உனக்கும் தெரியும். அண்ணிக்கு எடுத்தேன், குசினிக்குள் மணி கேட்டது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார். நைற்றிக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு சந்தி வரைக்கும் ஓடி ஒரு த்ரீவீலை மறித்தேன்.

கடைசிப் பிள்ளை ஏறுகிற இடம் ஜிந்துப்பிட்டி. கேற்றைச் சாத்திக்கொண்டிருந்த தாய் இப்போதுதான் போனது என்றார். "என்ன ரீட்டா, காய்ச்சலோட?" என்று அவர் கேட்கும்போதே த்ரீவீல் கிளம்பிவிட்டது. கோட்டையில் நெரிசல். காலிமுகத்திடலில் ரோடு திறந்துகொள்ள எனக்குப் பயம் கூடியது, ஏனென்றால் நமக்குத் திறந்தால் அவருக்கும் திறந்திருக்கும், வான் வேகமெடுத்திருக்கும். முன்னால் ஏதாவது நிற்கும்போதெல்லாம் என் வலது கால் த்ரீவீலின் தட்டை இரண்டு தரம் மிதித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, பிரேக் என்ட கிட்டதான் இருக்கு" என்றார். சிரிக்க எனக்கு முகம் இல்லை. அந்தோனியாருக்கு எத்தனை மெழுகுதிரி நேர்ந்தேன் என்று எண்ணிக்கை இல்லை.

மரீன் டிரைவில் பம்பலப்பிட்டி கழிந்த பிறகு வானைக் கண்டேன். இடது பக்கம் பேவ்மன்ட் கல்லோடு உரசி, முன் டயர்ச் சில்லு மேலே ஏறி நின்றது. பிள்ளைகள் மதில் ஓரமாகப் பையோடு வரிசையாக நின்றார்கள். இறங்கும் முதலே எண்ணத் தொடங்கிவிட்டேன். பதினாலு. நம்பாமல் திரும்பவும் எண்ணினேன், பதினாலுதான்.

நடந்ததை அண்ணி சொன்னார். மஞ்சள் கோட்டுக் கடவையில் ஒரு தாய் மகனைக் கையில் பிடித்தபடி ரோட்டைக் கடந்திருக்கிறார். நிமல் அய்யே மிதித்தார், கால் தட்டு வரைக்கும் போனது. திரும்ப மிதித்தார், அப்போதும் இல்லை. மூன்றாம் மிதியில் கொஞ்சம் பிடிக்க, கியரை இறக்கி, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, சில்லைக் கல்லோடு உரசி நிறுத்தியிருக்கிறார். அந்தத் தாயின் சேலைத் தலைப்பு பம்பரில் பட்டதாம். அவர் மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்.

நிமல் அய்யே கல்லில் குந்தியிருந்தார். ஏறும்போதே பிரேக் மெது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் பெயரைச் சொல்லி, பெனியின் வான்தானே, பிழையாக இருக்காது என்று நினைத்து மெதுவாக ஓடி வந்ததாகச் சொன்னார். உன்னுடைய நல்ல பெயர், அண்ணா. அதை நம்பித்தான் அவர் ஓடினார்.

நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பதினாலு பிள்ளைகளும் ரோட்டில் நிற்க, என் வாய் தானாகத் திறந்து, "ஃபிட்னஸ் இருக்குதே அய்யே" என்றது.

அவர் கோபப்படவில்லை. எழும்பி வந்து டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். "நங்கி, ஏறு. எஞ்சினைப் போடு. ஒரே ஒரு தரம் மிதி, எடுக்காம அப்படியே வை" என்றார்.

மிதித்தேன். கால் இறங்கியது. அழுத்திப் பிடித்தேன், இன்னும் இறங்கியது. பாயில் நித்திரையாகிற பிள்ளையின் தலை சரிகிற மாதிரி மெல்ல மெல்லப் போய்த் தட்டில் முட்டியது. இத்தனை மாதம் ஒருதரமாவது இப்படிப் பிடித்துப் பார்த்தேனா? இல்லை. இரண்டாவது மிதி ஒவ்வொரு முறையும் அதை என்னிடமிருந்து மறைத்துவிட்டது.

அப்போதுதான் மெலனி நிமல் அய்யேயின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். "பயப்பிடாதீங்க அங்கிள். முதல் மிதி சும்மா. ரெண்டாவதுதான் பிரேக். டடி அப்பிடித்தான் மிதிப்பார்."

நிமல் அய்யே கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். உன் செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை.

பிள்ளைகளை நிமல் அய்யே தன் வானைக் கொண்டுவந்து ஏற்றிப் போனார். நம்முடையதைக் கட்டி இழுத்து முகத்துவாரத்துக் கராஜுக்குக் கொண்டு போனோம். கராஜ் பாஸ், பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்ளே தேய்ந்துபோன ரப்பரைக் காட்டினார். ஒயில் வெளியே ஒரு சொட்டும் விழாமல் உள்ளுக்குள்ளேயே போயிருக்கிறது. ஃபிட்னஸ் அன்றைக்கு இது நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்த பழுது என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பெனிக்கு ஜூன்லயே சொன்னனான். ஆகஸ்ட் லீவுக்கு வானைக் கொண்டு வந்து விடுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

அப்படியென்றால் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளைகளை ஏற்றினாய், உன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வானை இரண்டு நாள் நிறுத்தினால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று நினைத்தாயா? உன் நெஞ்சு நோவையும் இப்படித்தான் லீவுக்குப் பார்க்கலாம் என்று விட்டிருப்பாய், இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா?

அன்றைக்குப் பின்னேரம் பெற்றோரின் வட்ஸ்அப் குறூப்பில் எல்லாவற்றையும் குரலில் பேசிப் போட்டேன். ஒயில் போத்தல், இரண்டு மிதி, நீ லீவுக்குத் தள்ளிப்போட்டது, நான் ஒன்றும் விளங்காமல் ஓடியது, ஒன்றையும் விடவில்லை. இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. அண்ணிதான் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், செத்த மனுசனின் பெயரை ஏன் ரோட்டில் இழுத்தாய் என்று கேட்டார். உன் பெயரை நம்பித்தானே நிமல் அய்யே அந்தக் கடவை வரைக்கும் ஓடினார் என்று சொன்னேன். அவர் எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

பிரேக் இப்போது புதிது. முதல் நாள் பழக்கத்தில் இரண்டாவதை அழுத்தி மிதித்துவிட்டேன், பின்னால் எல்லாரும் முன் சீற்றில் முட்டிக்கொண்டார்கள். இப்போதும் என் கால் அந்த இரண்டாவதைத் தேடுகிறது. சொன்னால் கோபிக்காதே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மிதி உன் கால் எனக்குத் தந்தது. வானில் உன்னுடையது என்று மிஞ்சியிருந்ததும் அதுதான், அதையும் நானே கழற்றச் சொல்லிவிட்டேன்.

நேற்று மெலனி, "டடிக்கு பிரேக் பிழையெண்டு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "ஓம், தெரியும். செய்வம் எண்டு இருந்தவர். அதுக்குள்ள போயிட்டார்" என்றேன். அவள், "அப்ப நாங்க உடன செய்வம்" என்றாள்.

நாளைக்கு வான் பாஸாகும். கராஜ் பாஸ் பார்த்துவிட்டார், நிமல் அய்யேயும் ஓடிப் பார்த்துவிட்டார். ஆனால் அந்த ஃபிட்னஸ் கடதாசி, சோதித்த அன்றைக்கு வான் எப்படி இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். நாளை மறுநாளைக்கு நான்தான் பொறுப்பு. ஒவ்வொரு காலையும் வாசலை விட்டு எடுக்கும் முன் எஞ்சினைப் போட்டு ஒரே ஒரு தரம் மிதித்துப் பிடிப்பேன். மெலனி பத்து வரைக்கும் எண்ணுவாள். பத்திலும் கால் இறங்காமல் நின்றால்தான் வான் சந்துக்கு வெளியே போகும். இறங்கினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, லீவு எப்போது என்று பார்க்க மாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

இன்று காலையும் எண்ணினாள். பல் இல்லாத வாயால் ஏழையும் எட்டையும் காற்றோடு சொன்னாள். பத்துக்கு வந்தபோது கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

உன்னோடு சண்டை முடியாத,
உன் ஒரே தங்கச்சி,
ரீட்டா