அவர் தானே திருத்திய எழுத்து

மார்ச் 13, 1993, சனிக்கிழமை

கடவுளுக்கு நன்றி. இன்று என் வீட்டுக்காரர் தானாகவே எழுதினார்.

சர்க்கரை வியாதியில் கண் போனதிலிருந்து, இவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். எனக்கு இங்கிலீஷில் எழுத்துப்பிழை நிறைய வரும். இவரோ கிள்ளானில் இங்கிலீஷ் வாத்தியார். எரிந்து விழுவார். மருத்துவ விடுப்பு முடியப்போகிறது. வேலையை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் பள்ளியில்.

இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றோருக்கான வகுப்பில், ஒரு கணினியின் முன்னால் உட்கார வைத்தார்கள். தட்டுவதையெல்லாம் அது உரக்கப் படித்தது. சொல்லிக்கொடுத்த சேவியருக்கும் பார்வை இல்லை. “கேட்டுக் கேட்டு அடிங்க சார், அவசரமே இல்ல” என்றார்.

டைப் அடிக்க இவருக்கு முன்பே தெரியும். மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அடித்தார். நடுவில் நிறுத்தி, ஒரு வார்த்தையைக் கணினி எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்துக் கேட்டார். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. தானே சேர்த்துவிட்டுச் சிரித்தார்.

“விஜயா, நீ போய் டீ குடிச்சிட்டு வாயேன். எனக்கு நேரமாகும்.”

என்னை விட்டு அசையாமல் இருந்தவர்.

திரும்பும் பஸ்ஸில், “திங்கக்கெழம ஹெட்மாஸ்டர்கிட்ட நானே பேசுறேன், நீ வெளிய இரு” என்றார். சரி என்றேன். ஹெட்மாஸ்டர் என்ன சொல்வாரோ. அந்தக் கணினிக்கு நாங்கள் எங்கே போவது. இன்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. இவர் பார்த்துவிடுவார் என்பதுபோல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் போச்சு லா, ஏன் அழுவுற?” என்று என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.